தண்ணீர் வடிந்த பிறகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெள்ளம், புயல், உப்பு நீர் பற்றியவை. வழக்கமான பூச்சி, உரக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். முப்பது ஆண்டு வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் நிவாரணக் குழுக்கள் கூப்பிட்டால் போகிறேன். அங்கே கண்டதையும், செய்யக்கூடாததைச் செய்து கற்றதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் நண்பர்கள் குழு, வெள்ளத்தில் பயிர் இழந்த ஐம்பது குடும்பங்களுக்கு விதைப் பை வாங்கிக் கொடுக்க முடிவு செய்திருக்கிறது. எந்த ரகம் வாங்கலாம் ஐயா?
– கல்லூரி மாணவி

ரகத்தை நான் சொல்லமாட்டேன் அம்மா. அந்த ஐம்பது குடும்பங்கள்தான் சொல்லவேண்டும்.

ஒரு வெள்ளத்துக்குப் பிறகு நானும் இப்படித்தான் லாரி நிறைய விதைப் பைகளோடு போனேன். வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி பையை வாங்கி அங்கேயே பிரித்தார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். “இது எத்தனை நாள் பயிர் தம்பி?” என்றார். நூற்று முப்பது நாள் என்றேன். “தொண்ணூறு நாளைக்குத்தான் தண்ணி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பையின் வாயைத் திரும்பவும் கட்டினார். கோபப்படவில்லை. நான்தான் தலைகுனிந்து நின்றேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது கூரைக்கு அடியில் கயிற்றில் தொங்கிய பானையைக் காட்டினார். அதில் பயறு விதை பத்திரமாக இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது உழவுக் கூலி.

பல நாடுகளில் பேரிடருக்குப் பின் ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டதும் இதுதான். விதை பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே, அண்டை அயலிலோ சந்தையிலோ இருக்கிறது. வாங்கத்தான் கையில் காசு இல்லை. அதனால்தான் விதைப் பை கொடுப்பதற்குப் பதிலாக விதைச் சந்தை நடத்தும் முறை வந்தது. விவசாயிகள் கையில் கூப்பனைக் கொடுத்துவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் விதை வைத்திருப்பவர்களும் வியாபாரிகளும் ஒரு நாள் ஓரிடத்தில் கூடுவார்கள். யாருக்கு எது வேண்டுமோ அவர்களே பார்த்து எடுத்துக்கொள்வார்கள். செலவாகும் பணமும் அந்த வட்டாரத்திலேயே தங்குகிறது.

ஆனால் விதையே இல்லாமல் போகும் நேரமும் உண்டு. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் வந்தபோது நெல் நடவுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. வீட்டுக்குள் சேமித்த விதை இடிபாடுகளுக்கு அடியில் போய்விட்டது. அங்கே ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு நெல் விதையைக் கொடுத்தது. கூடவே தானியம் சேமிக்கக் காற்றுப்புகாப் பைகளையும் கொடுத்தது. இடம் பார்த்துச் செய்த வேலை அது.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். வீட்டில் விதை மிஞ்சியிருக்கிறதா, இந்தப் பட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, உழவு மாடு அல்லது டிராக்டர் கிடைக்கிறதா, தண்ணீர் எதுவரை வரும். ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பவேண்டாம். விதையை எடுத்து வைத்துக் காப்பாற்றுவது பல வீடுகளில் பெண்கள்தான். நனைந்த விதை மிஞ்சியிருந்தால் நூறு விதையை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, காயாமல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் அதுவே போதும். அறுபது என்றால் கூடுதலாக விதைக்கவேண்டும். பாதிகூட முளைக்கவில்லை என்றால்தான் வெளியிலிருந்து வாங்கவேண்டும்.

வெள்ளம் வடிந்து நான்கு நாள் ஆகிறது. டிராக்டர் கிடைப்பது கஷ்டம், இன்று விட்டால் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். உழுதுவிடலாமா?
– சிறு விவசாயி

பொறுங்கள். டிராக்டரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனாலும் ஈரமண்ணில் ஒருமுறை ஓடிய சக்கரத்தின் இறுக்கம் பல பட்டங்களுக்கு வேரைத் தடுக்கும்.

மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கயிறு போல உருட்டுங்கள். பென்சில் கனத்துக்குக் கயிறாக நீண்டால் நிலம் இன்னும் ஆயத்தமாகவில்லை. உருட்டும்போதே உடைந்து உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. மேல்மண் வெளுத்துக் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். அதே குழியை முகர்ந்தும் பாருங்கள். அடிமண் சாம்பல் நீலமாக மாறி, அழுகிய முட்டை வாடை அடித்தால் மண்ணுக்குள் காற்று இல்லை என்று பொருள். அந்த நிலத்துக்கு இன்று வேண்டியது வடிகால்தான். வரப்பைத் தாழ்ந்த முனையில் வெட்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று அங்குலம் வண்டல் படிந்திருந்தால் பதம் வந்தபின் உழுது கலந்துவிடலாம். ஒரு சாணுக்கு மேல் மணல் மேவியிருந்தால் அள்ளித்தான் ஆகவேண்டும். உங்களுக்கு உதவ ஆள் வருகிறார்கள் என்றால் அவர்களை இந்த வேலைக்கு அழையுங்கள். கண்ணாடி, கம்பி, பிளாஸ்டிக் பொறுக்குவதற்கும் நிறையக் கைகள் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. அமெரிக்காவில் 1993-ல் மிசிசிப்பி பெருவெள்ளம் வடிந்த நிலங்கள் சிலவற்றில், அடுத்த ஆண்டு போட்ட மக்காச்சோளம் கூழையாக நின்றது. இலைகள் ஊதா நிறமாயின. மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைபாட்டின் அடையாளம் அது. மண்ணில் மணிச்சத்து இருந்தது. அதை வேருக்கு எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சைதான், பயிரே இல்லாமல் நீரில் கிடந்த மாதங்களில் அழிந்துபோயிருந்தது. அந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள வேர் வேண்டும். எனவே முதன்மைப் பயிருக்குப் பட்டம் தவறிவிட்டாலும் நிலத்தை வெறுமனே போடாதீர்கள். பயறு, சோளம், தீவனம் என்று ஏதாவது ஒன்றை விதைத்து வையுங்கள்.

கடல் நீர் வயலுக்குள் வந்துவிட்டது. இனி இந்த நிலம் விளையாது என்று சொல்கிறார்களே?
– கரையோர வாசகர்

விளையும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் நம் நாகப்பட்டினத்திலும் இதே பேச்சுதான் இருந்தது. நல்ல மழையும் வடிகாலும் கிடைத்த வயல்களில் உப்பு ஓரிரு பருவத்தில் கழுவிப் போய்விட்டது. தாழ்ந்து கிடந்து தண்ணீர் வெளியேற வழியில்லாத இடங்கள்தான் பின்தங்கின. உப்பை வெளியேற்றுவது மழைநீர். அதற்கு வழி விடுவது உங்கள் வாய்க்கால். முதல் வேலை வாய்க்காலைத் தூர்வாருவது. கடலிலிருந்து வந்த கரும்சேறு படிந்திருந்தால் மழைக்கு முன்னால் அதைச் சுரண்டி எடுத்துவிடவேண்டும். பிறகு வரப்பை உயர்த்தி நல்ல நீரைத் தேக்கி, நின்றபின் வடித்துவிடுங்கள். இதைப் பலமுறை செய்யவேண்டும். வடிக்காமல் வயலிலேயே காயவிட்டால் கீழே போன உப்பு ஈரத்தோடு மேலே ஏறி வந்துவிடும்.

ஜிப்சம் பற்றிக் கேட்பீர்கள். களிமண்ணில் ஒட்டிக்கொண்ட சோடியத்தை ஜிப்சத்தில் உள்ள கால்சியம் தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்ட சோடியத்தையும் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோகவேண்டும். எனவே மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும், வடிகால் சரியான பிறகு போடுங்கள். பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு உவரைத் தாங்கி வளரும். பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் இறுகிய மண் பொலபொலக்கும்.

கிணற்றை மட்டும் அவசரப்பட்டு இறைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பை வெளியேற்றும் ஆர்வத்தில் கிணறுகளை ஒட்ட ஒட்ட இறைத்தார்கள். மணற்பாங்கான கரையில் நல்ல நீர், உப்பு நீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு நீர் மேலே வந்துவிடும். ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதே நல்லது.

புயலில் தோப்பில் பாதி மரங்கள் விழுந்துவிட்டன. புதுக் கன்று வைக்க உதவி கிடைத்திருக்கிறது. உடனே நட்டுவிடலாமா?
– தென்னை விவசாயி

விழுந்த மரங்களை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. அதுதான் முதல் வேலை. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது சுமார் 3.3 கோடி தென்னைகள் சாய்ந்தன. அங்கே விவசாயிகளுக்குக் கன்றைவிட அவசரமாகத் தேவைப்பட்டவை மர அறுவை இயந்திரங்கள். மட்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். சில மாதங்களில் அதிலிருந்து கிளம்பும் வண்டுகள் நிற்கும் மரத்தின் குருத்தையும் நீங்கள் வைத்த கன்றின் குருத்தையும் துளைக்கும். புயலுக்குத் தப்பிய மரம் வண்டுக்குப் பலியாவதைப் பார்ப்பது பெரிய வேதனை.

அறுக்க முடிந்ததை உடனே அறுத்துப் பலகையாக்குங்கள். வீடு இழந்தவர்களுக்கு அதுவே கூரைக்கு ஆகும். மிஞ்சியதைத் துண்டாக்கி, எருக்குழியில், வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையோடு போடுங்கள். சாய்ந்தும் வேர் பிடித்திருக்கும் மரங்களின் குருத்து பச்சையாக நிமிர்ந்திருந்தால் வெட்டாமல் மூன்று நான்கு மாதம் பாருங்கள். புதுக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை வெயில் விழும் அந்த இடைவெளியில் என்ன போடுவீர்கள் என்று இப்போதே திட்டமிடுங்கள். காய்கறி, பயறு, வாழை எதுவாக இருந்தாலும் சரி, ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வருமானம் தரவேண்டும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். பேரிடர் நடந்து ஓராண்டு ஆகிவிட்டது. இப்போது பணம் அனுப்பினால் பயன் உண்டா?
– வாசகர்

தாராளமாக உண்டு. முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். விவசாயிக்கு மிகக் கடினமான நேரம் அதற்குப் பிறகுதான். நிவாரணம் தீர்ந்திருக்கும், கடன் தவணை நிற்கும், முதல் அறுவடை அரைகுறையாக வந்திருக்கும். அப்போது வரும் உதவியால் ஒரு கறவை மாடு விலைபோகாமல் நிற்கும்.

முடிந்தால் அடுத்த முறை முன்கூட்டியே அனுப்புங்கள். வங்கதேசத்தில் 2020 ஜூலை வெள்ளத்தின்போது, ஆற்றின் நீர்மட்ட முன்னறிவிப்பை வைத்து, வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு உலக உணவுத் திட்டம் பணம் அனுப்பியது. பணம் பெற்ற குடும்பங்கள் பட்டினி கிடந்த நாள் குறைவு என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. மாட்டை மேட்டுக்கு ஓட்டிப்போகவும், தீவனம் வாங்கவும், தானியத்தைப் பத்திரப்படுத்தவும் அந்தச் சில நாள்கள் போதும்.

பயிர்க் காப்பீட்டை நம்பலாமா? போன முறை எனக்கு முழு நட்டம், ஒரு காசு வரவில்லை.
– விவசாயி

உங்கள் கசப்பு நியாயமானது. காப்பீட்டில் இரண்டு விதம். ஒன்றில் உங்கள் நட்டத்தை நேரில் பார்த்து அளப்பார்கள். மற்றதில் ஒரு பரப்பின் சராசரி விளைச்சலையோ, மழையளவையோ, செயற்கைக்கோள் படத்தையோ பார்த்துக் கொடுப்பார்கள். இரண்டாவது விதத்தில் சுற்றிலும் விளைந்து உங்கள் வயல் மட்டும் போனால் பணம் வராது. உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

அதற்காக அதை வீண் என்று தள்ளவும் மனம் வரவில்லை. கென்யாவின் வடக்கே மர்சாபித்தில் 2010-ல் கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். மேய்ச்சல் நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் பார்க்கும். ஒரு அளவுக்குக் கீழே போனால், மாடு செத்ததா என்று யாரும் எண்ண வராமலே பணம் வரும். 2011 வறட்சியில் பணம் வந்தது. காப்பீடு செய்தவர்கள் கிடைத்த விலைக்கு மாட்டை விற்பதும், வேளைச் சாப்பாட்டைக் குறைப்பதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கையெழுத்து போடும் முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நட்டத்தை எந்தப் பரப்பில் அளப்பார்கள், எந்த அளவைத் தாண்டினால் பணம் வரும், நட்டத்தை எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் தெரிவிக்கவேண்டும். தண்ணீர் நிற்கும்போதே, நிலத்தின் அடையாளம் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு உதவ நினைத்தால், இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது பெரிய உதவி.

அடுத்த பேரிடரைத் தாங்கும்படி நிலத்தைத் தயார் செய்ய முடியுமா? மாணவர்களோடு சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஏதாவது சொல்லுங்கள்.
– ஆசிரியர்

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு எழுத ஆசை அதிகம்.

1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் புயல் நடு அமெரிக்காவைத் தாக்கியது. மலைச் சரிவுகள் கரைந்து ஓடின. அதன் பிறகு ஹோண்டுராஸ், நிகராகுவா, குவாதமாலா மூன்று நாட்டிலும் விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து 1,804 நிலங்களை அளந்தார்கள். ஒரே சரிவில் அடுத்தடுத்து இருந்த நிலங்களை இணை இணையாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் மூடாக்கு (மண்ணை மூடும் இலைதழை), சமமட்ட வரப்பு (சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் வரப்பு), ஊடுபயிர், மரம் எல்லாம் இருந்தன. மற்றது வழக்கமான சாகுபடி. முதல் வகை நிலங்களில் மேல்மண் அதிகமாக மிஞ்சியிருந்தது, ஈரம் அதிகம், அரிப்பு குறைவு. பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியோடு வந்து தன் கண்ணால் பார்த்தார். அதன் பிறகு அவருக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியிருக்கவில்லை.

சமமட்டக் கோடு போட உங்கள் மாணவர்களுக்கு மூன்று கம்பும் ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். ஆளுயரக் கம்பு இரண்டை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்கே ஒரு கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல்லைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். இரண்டு காலும் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துக்கொண்டு, குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இப்போது கால்களை இடம் மாற்றி வைத்து, கயிறு தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியாக நடுவில் கயிறு நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இதை வைத்து அடி அடியாகச் சரிவின் குறுக்கே நடந்து முளை அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைக்கும். காற்று அடிக்கும்போது கயிறு ஆடும், அமைதியான காலை நேரத்தில் செய்யுங்கள். அந்தக் கோட்டில் வரப்பு போட்டு, வரப்பில் வெட்டிவேரோ தீவனப் புல்லோ நட்டால் ஓடும் தண்ணீர் நடக்க ஆரம்பிக்கும். ஒருவர் நிலத்தில் மட்டும் செய்தால் போதாது. மேல்சரிவு மொட்டையாக இருந்தால் அங்கிருந்து வரும் தண்ணீர் கீழே உள்ள நல்ல வரப்பையும் உடைக்கும். மேலேயிருந்து தொடங்குங்கள்.

தாழ்ந்த வயல்காரர்களுக்கு விதை வழியிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகம், நீருக்குள் முழுதாக மூழ்கினாலும் உயிர் பிழைக்கும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டு அறிவித்தார்கள். அதைச் சேர்த்து உருவான சுவர்ணா சப்1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியானது. மற்ற நெல் மூழ்கியதும் வெளியே எட்டிப்பார்க்க அவசரமாக நீண்டு, சேமித்த சத்தைச் செலவழித்துச் சாகும். இது வளர்ச்சியை நிறுத்திவிட்டு அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். மாதக்கணக்கில் இடுப்பளவு தேங்கும் இடத்துக்கு இது சரிவராது, அங்கே நீண்டு வளரும் நாட்டு ரகங்கள்தான் கைகொடுக்கும். யாரோ ஒரு விவசாயி அந்தப் பழைய விதையைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் இந்த ரகம் நமக்குக் கிடைத்தது. உங்கள் மாணவர்கள் பெரியவர்களிடம் போய், எந்த நாட்டு ரகம் எந்த வெள்ளத்தை, எந்த வறட்சியைத் தாங்கியது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். விதை கிடைத்தால் பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி போடுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு என் கணவர் யாரிடமும் பேசுவதில்லை. வயல் பக்கமே போவதில்லை. இரவில் தூங்குவதும் இல்லை. இதை உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை.
– பெயர் வேண்டாம்

கேட்கலாம் அம்மா. இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். இதழ் வெளிவரக் காத்திராமல் உங்கள் முகவரிக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். உங்களைப் போன்ற மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

இன்றே செய்யவேண்டியது ஒன்று. வீட்டிலும் மோட்டார் அறையிலும் இருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை எடுத்து, நம்பிக்கையான வேறொருவர் வீட்டில் பூட்டி வையுங்கள். கணவரிடம் இதைப் பற்றி வாதம் வேண்டாம். மிகக் கனத்த அந்த நேரம் பெரும்பாலும் கடந்துபோகும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமலிருந்தால் ஓர் உயிர் மிஞ்சும். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தூக்கமின்மைக்கும் இந்த மௌனத்துக்கும் மருத்துவம் உண்டு.

“தைரியமாக இரு” என்று அவரிடம் யாரும் சொல்லவேண்டாம். அவர் மதிக்கும் ஒரு விவசாயி, தானும் இழந்தவர், வந்து பக்கத்தில் உட்காரட்டும். கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் நீங்களும் அவருமாக எழுதிப் பாருங்கள். எழுதாத கடன் மனத்துக்குள் பெருகிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் காலையில் முழு வயலுக்கும் வேண்டாம், வீட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு பாத்திக்கு மட்டும் கூட்டிப்போங்கள். அங்கே என்ன போடலாம் என்று அவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருங்கள். இரண்டு வாரத்தில் எனக்கு எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் நான் அனுப்பிய கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கும் என் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.